கன்னியாகுமரி டூர்: சூரிய உதயம் பார்த்ததும் கிளம்பிடாதீங்க... மலைக்கும் கடலுக்கும் நடுவுல இவ்ளோ விஷயம் இருக்கு!

விடிகாலை ரயிலில் இறங்கி, முக்கடல் சங்கமத்தில் சூரிய உதயம் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், கண்ணாடிப் பாலத்தில் ஒரு செல்ஃபி எடுத்து, சங்கு மாலை வாங்கி, மதியச் சாப்பாட்டோடு திருச்செந்தூருக்கு வண்டி ஏறிவிடுவது. கன்னியாகுமரி டூர் என்றால் பெரும்பாலானோருக்கு இவ்வளவுதான். அரை நாள் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த அரை நாளில் பார்ப்பது ஊரின் ஒரு முனையை மட்டும்தான். பின்னால் திரும்பிப் பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள் தெரியும். குஜராத் எல்லையில் தொடங்கி சுமார் 1,600 கி.மீ. ஓடி வரும் மலைத்தொடர் இந்த மாவட்டத்தில்தான் முடிகிறது. 1,700 சதுர கி.மீ.க்கும் குறைவான பரப்பு. அதற்குள் காடு, அணை, வயல், ரப்பர் தோட்டம், சுமார் 70 கி.மீ. கடற்கரை எல்லாமே அடங்கிவிடும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நான்கு நிலத்தையும் ஒரே நாள் பஸ் பயணத்தில் பார்க்க முடிகிற ஊர் இது.

மலையும் கடலும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இங்கே கோட்டைகள் வந்தன, போர் நடந்தது, தண்ணீரை ஆகாயத்தில் கொண்டுபோக வேண்டிய தேவை வந்தது. கடற்கரையில் கவனமாக இருக்க வேண்டியதற்கும் தனிக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கலர் மணல் பாக்கெட் எங்கிருந்து வருகிறது?

குமரி கடைத்தெருவில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மணலைப் பாக்கெட் போட்டு விற்பார்கள். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால், சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியங்களும் மணலாக மாறிவிட்டன என்பது ஊர்க்கதை. அறிவியல் சொல்லும் கதையும் சுவாரஸ்யம்தான். மலைப்பாறைகள் காலகாலமாகச் சிதைந்து, ஆறுகளில் அடித்து வரப்பட்டு, கடல் அலைகளால் சலிக்கப்பட்டுக் கரையில் ஒதுங்கிய தாதுக்கள் இவை. கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட். சிவப்பு, கார்னெட். அதாவது நீங்கள் மிதித்து நிற்கும் கடற்கரையே ஒரு காலத்தில் மலைதான்.

மணவாளக்குறிச்சியில் இந்தத் தாதுமணலைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. மணல் அள்ளும் பரப்பை விரிவாக்கும் திட்டங்களுக்கு கடலோரக் கிராமங்களில் எதிர்ப்பும் தொடர்கிறது. அடுத்த முறை பாக்கெட் மணலைக் கையில் எடுக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வரலாம்.

பாறை, சிலை, பாலம்: சுருக்கமா

இதைப் பார்க்காமல் வர முடியாது, சரி. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறையில் 1970-ல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் 133 அடி திருவள்ளுவர் சிலை, சிற்பி கணபதி ஸ்தபதியின் வேலை, 2000 ஜனவரி 1-ல் திறப்பு. பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும் என்பது கணக்கு.

முன்பெல்லாம் கடல் மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது. விவேகானந்தர் பாறையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் பிரச்னை தீர்ந்தது. ஆனால் படகு டிக்கெட் க்யூ இன்னும் தீரவில்லை. விடுமுறை நாளில் போகிறீர்கள் என்றால் உதயம் பார்த்த கையோடு க்யூவில் நின்றுவிடுவது நல்லது.

சூரிய அஸ்தமனம் பார்க்கப் போய் ஏமாந்தவர்களும் உண்டு. அதற்குக் காரணம் மாதம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தென்மேற்காகச் சாயும். கடலுக்குள் இறங்குவது தெளிவாகத் தெரியும். கோடையில் அது வடமேற்குப் பக்கம் நகர்ந்து கரையோரமாக மறைந்துவிடும். சித்ரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் நிலா எழும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

மருத்துவாழ் மலை: ஒரே இடத்தில் மலை, கடல், காற்றாலை

குமரியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், கொட்டாரத்தைத் தாண்டி பொத்தையடிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிற மலை இது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது விழுந்த துண்டு என்பார்கள். மூலிகைகளுக்குப் பெயர் போனதால் மருந்து வாழும் மலை, அதுவே மருத்துவாழ் மலை. நாராயண குரு தவம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைத்தடம் குகை இங்கேதான். அய்யா வைகுண்டரை வழிபடுபவர்களுக்கும் இது புனித மலை.

பாதிவரை படிகள், அப்புறம் பாறை. காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடலாம். மேலே நின்றால் தெற்கே கடல், வடக்கே மலைத்தொடர், கிழக்கே காற்றாலைகள். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேற்குக் காற்றுதான் முப்பந்தல் பகுதியை இந்தியாவின் பெரிய காற்றாலை மையங்களில் ஒன்றாக்கியது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம்.

கேரளா பராமரிக்கும் அரண்மனை தமிழ்நாட்டில் ஏன்?

தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ராஜ்யம் இங்கிருந்துதான் நடந்தது.

டிக்கெட் கவுன்ட்டரில் மலையாளத்தில் பேசுவதைக் கேட்டுக் குழம்பாதீர்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. மண் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளா.

அந்த இணைப்பு சும்மா கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. பத்மநாபபுரம் போகும் வழியில் மார்த்தாண்டத்தைக் கடக்கும் பலருக்கும் இது தெரியாது.

அரண்மனைக்குள் மரம்தான் ஹீரோ. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வெளிச்சம் அபிரகத் தகடுகள் வழியாக வரும். வெளியே கொளுத்தும் வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கும். சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரையும் உண்டு. அங்கே வைத்திருக்கும் பெரிய ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தாலே சமையலின் அளவு புரியும்.

நவராத்திரி நேரத்தில் போக முடிந்தால் இன்னும் விசேஷம். பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வங்களும் இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பும். ராஜ்யம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் மன்னரின் உடைவாள் கைமாற்றும் சடங்கு நடக்கிறது, இரண்டு மாநில போலீஸும் மரியாதை செலுத்துகிறது.

திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. இதைத் தெரியாமல் போய் கேட்டோடு திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

தோற்ற தளபதியின் கல்லறை

அரண்மனையிலிருந்து கொஞ்ச தூரத்தில், புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரி கோட்டை. பலர் வண்டியை நிறுத்தாமல் போய்விடும் இடம். ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு வரலாற்று இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். காரணம் கட்டடம் இல்லை, அதன் கதை.

1741-ல் டச்சு கிழக்கிந்திய கம்பெனி குளச்சலில் படை இறக்கியது. மிளகு வியாபாரம்தான் சண்டைக்கு மூலம். மலையில் விளைவதை கடல் வழியாக யார் கொண்டுபோவது என்ற போட்டி. டச்சுப் படை கல்குளம் வரை முன்னேறியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களைக் குளச்சலில் முறியடித்தது. கடலோர மீனவர்கள் மன்னருக்குத் துணை நின்றார்கள். துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, துப்பாக்கி ஏந்திய பெரும்படை என்று டச்சுக்காரர்களை நம்பவைத்தார்கள் என்று ஒரு கதை இன்றும் குளச்சலில் சொல்லப்படுகிறது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் தோற்கடித்த அபூர்வமான போர்களில் இது ஒன்று. வெற்றித்தூண் குளச்சலில் இருக்கிறது.

ட்விஸ்ட் அதற்கு அப்புறம்தான். சிறைப்பட்டவர்களில் ஒருவர் டி லனாய். மன்னர் அவரைத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். தோற்றவர் ஜெயித்தவரின் தளபதி ஆனார். 'வலிய கப்பித்தான்' என்று ஊர் அழைத்தது. ஐரோப்பிய முறையில் படை அமைத்தார், உதயகிரி கோட்டையைப் பலப்படுத்தினார், பீரங்கி வார்க்கும் வேலையும் நடந்தது. 1777-ல் இறந்தபோது இந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கூரையில்லாத சிறிய தேவாலயத்துக்குள் அந்தக் கல்லறை இன்னும் இருக்கிறது. கல்லில் லத்தீன், தமிழ் எழுத்துகளைப் பார்க்கலாம்.

இந்தக் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. டி லனாயின் நட்பால் கிறிஸ்தவரான அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனார். அதற்காகவே சித்திரவதைகளை அனுபவித்து, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயம். ஒரே மன்னர், ஒரே கோட்டை, ஒருவருக்குப் பட்டம், இன்னொருவருக்குத் துப்பாக்கிக் குண்டு.

கோட்டைக்குள் இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. குழந்தைகள் மான் பார்க்கட்டும், நீங்கள் கல்லறையைத் தேடிப் போங்கள்.

இதே காலத்துக் கடற்கரைக் காவல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றால் அஞ்சுகிராமம் பக்கம் வட்டக்கோட்டைக்குப் போகலாம். கருங்கல் கோட்டை, அலை மதிலில் மோதும். சுவரில் பாண்டியரின் மீன் சின்னம் இருக்கிறது. குமரியிலிருந்து 6, 7 கி.மீ.தான், கூட்டமும் குறைவு.

சிதறால்: மலை மேல் ஒரு பெண் ஆசிரியரின் பெயர்

மார்த்தாண்டத்துக்கு வடகிழக்கே ஏழெட்டு கி.மீ.யில் சிதறால் மலை. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் சமணத் துறவிகள். அடிவாரத்திலிருந்து மரநிழலில் கல் பாவிய பாதை, மெதுவாக நடந்தாலும் அரை மணிநேரம். மேலே இயற்கையாக அமைந்த குகை, அதன் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர்.

இவை 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. அதில் குணந்தாங்கி குரத்தி என்பவர் கோயிலுக்குப் பொன் அணிகலன் கொடுத்த செய்தி வருகிறது. குரத்தி என்றால் பெண் குரு, ஆசிரியை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் பெண் துறவிகள் ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. சிற்பங்களை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள்.

13-ம் நூற்றாண்டு வாக்கில் குகைக் கோயில் பகவதி கோயிலாக மாறியது. பகவதியை வணங்கும் சன்னதியும் சமணச் சிற்பங்களும் ஒரே கூரைக்குக் கீழ். பக்கத்தில் பாறைச் சுனை. கிழக்கே பார்த்தால் மலைத்தொடர், கீழே தென்னையும் ரப்பரும் மூடிய பள்ளத்தாக்கு. இதுவும் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம். பாறையில் பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம்.

ஆகாயத்தில் ஓடும் தண்ணீர்

மலைக்கும் கடலுக்கும் இடைவெளி குறைவு என்றால் மழைநீர் நொடியில் கடலுக்குப் போய்விடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்திலேயே ஒரு காலத்தில் வயல் காய்ந்தது இதனால்தான். அதற்குத்தான் 1906-ல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய பொறியாளர் மின்சினின் கல்லறை அணைப் பகுதியிலேயே இருக்கிறது.

அணையில் தேக்கியாச்சு. ஆனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே பரளியாறு பள்ளத்தில் ஓடுகிறது, அந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? காமராஜர் காலத்து யோசனைதான் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டப்பட்டது. 28 தூண்கள், உயரமான தூண் 115 அடி. மேலே கான்கிரீட் தொட்டியில் கால்வாய் ஓடுகிறது, பக்கத்திலேயே நீங்கள் நடந்து போகலாம். கீழே பார்க்கும்போது கால் கூசும். ஓரத்தில் நின்று ரீல்ஸ் எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அருகிலேயே திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே குடமுழுக்கு நடந்தது.

திற்பரப்பு அருவிக்கும் இதே ரூட்தான். கோதையாறு சுமார் 50 அடியிலிருந்து விழுகிறது, குளிக்கப் பாதுகாப்பான இடம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து மகாதேவர் கோயில், சிவராத்திரிக்கு நடக்கும் சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் மூன்றாவது. சிவன் கோயில்களுக்கு ஓடுபவர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டே ஓடுவார்கள், இது குமரிக்கே உரிய வழக்கம். ஒரு விஷயம்: பேச்சிப்பாறையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பில் வெள்ளம் வரும், குளிக்கத் தடை போடுவார்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் செய்தி பார்த்துவிடுங்கள். காளிகேசம், கீரிப்பாறை பக்கமும் அப்படித்தான். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை பெய்து ஆறு திடீரென்று ஏறும். வனத்துறை செக்போஸ்ட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவதே சரி.

கள்ளக்கடல்: அமைதியான கடல் ஏன் ஆபத்து?

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், கணபதிபுரம் லெமூர் என்று அழகான பீச்சுகள் வரிசையாக இருக்கின்றன. முட்டம் பாறைகளை 'அலைகள் ஓய்வதில்லை' படத்திலேயே தமிழ்நாடு பார்த்துவிட்டது. இன்ஸ்டாவில் புதுசாக ஒன்று டிரெண்ட் ஆனால் அடுத்த வாரமே அங்கே கார்கள் நிற்கும். பிரச்னையும் அங்கேதான்.

2024 மே 6-ம் தேதி லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். அன்று புயல் இல்லை, மழை இல்லை. வந்தது கள்ளக்கடல்.

திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் இது. விஞ்ஞானிகளும் இதே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். தெற்கே பல ஆயிரம் கி.மீ. தள்ளி, நடுக்கடலில் வீசும் கடும் காற்று நீண்ட அலைகளை எழுப்பும். அவை நாள்கணக்கில் பயணித்து நம் கரைக்கு வரும். நடுக்கடலில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. கரையோரம் ஆழம் குறையும்போது திடீரென்று எழும்பி, வழக்கமாக அலை தொடாத இடம் வரை ஏறி, அதே வேகத்தில் ஆளை உள்ளே இழுக்கும். உள்ளூரில் காற்றே இருக்காது என்பதால் கண்ணால் பார்த்து ஊகிக்க வழியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். நம் கோடை விடுமுறையும் அப்போதுதான்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. 2024-லும் கொடுத்திருந்தது. 'கள்ளக்கடல் எச்சரிக்கை' என்று செய்தியில் ஓடினால் அன்றைக்கு முட்டளவு தண்ணீர்கூட வேண்டாம், பாறை மேல் நின்று போட்டோவும் வேண்டாம். கரையில் வலை உலர்த்தும் மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலமே பிய்ந்து போனதைப் பார்த்த மக்கள் அவர்கள்.

எத்தனை நாள், எப்போ போகலாம்?

குறைந்தது இரண்டு நாள். முதல் நாள் உதயம், பாறை, வட்டக்கோட்டை, மாலையில் அஸ்தமனம். இரண்டாம் நாள் விடிந்ததும் நாகர்கோவில் வழியாக உதயகிரி, பத்மநாபபுரம், மதியத்துக்கு மேல் மாத்தூர், திற்பரப்பு. சிதறாலுக்கும் மருத்துவாழ் மலைக்கும் காலை நேரம் வேண்டும் என்பதால் அவற்றைச் சேர்த்தால் மூன்றாவது நாள் தேவைப்படும். தங்குவதற்கு குமரியைவிட நாகர்கோவில் வசதி, எல்லாப் பக்கமும் பஸ் கிடைக்கும்.

டிசம்பர் பாதிக்கு மேல் பிப்ரவரி வரை நல்ல சீசன்: மழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீர் இருக்கும், அஸ்தமனமும் கடலில் தெரியும். ஜனவரி பாதி வரை சபரிமலை பக்தர்கள் கூட்டம் இருக்கும், ரூமை முன்பே புக் பண்ணிவிடுங்கள். திரும்பும்போது சங்கு மாலைக்குப் பதில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய குமரி வாழை அது. ரயில் திருநெல்வேலி தாண்டுவதற்குள் காலியாகிவிடும் என்பதால் இரண்டு சீப்பாகவே வாங்குங்கள்.